அடுத்தவன் வெயில்ல காஞ்ச எனக்க மவ

பிரிட்டன்ல எந்த மூலையில எந்த மாசம் என்ன வானம்னு என்ட்ட கேளுங்க, புட்டுப் புட்டு வைப்பேன். பத்து வருசம் அங்க கெடந்தவனாக்கும் நான்.

பொய். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்க உள்ள கூட நான் போனதில்ல. மவள வழியனுப்பப் போன அன்னைக்கு அந்தக் கண்ணாடிக் கதவு தானா தொறந்திச்சு. உள்ள யாரோ பெரிய மனுசன் நமக்காகத் தொறந்து விடுகான்னு நெனச்சு ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டேன். பின்னால பெட்டி தள்ளிட்டு வந்தவன் என்னையும் சேத்து ஓரமாத் தள்ளிட்டுப் போனான். எனக்க வெளிநாட்டுப் பயணம் அதோட முடிஞ்சு.

ஆனா வானம் தெரியும். மவ போவதுக்கு முன்ன எனக்க போன்ல மூணு ஊருக்க வெதரு வச்சுத் தந்துட்டுப் போனா. ஒண்ணு அவ இருக்க ஊரு, ஸ்காட்லாந்துல மேக்க, கடலோரம். பேரச் சொன்னா நாக்கு சுளுக்கும், நான் சொல்லல. இன்னொண்ணு அவகூடப் படிச்ச கூட்டுக்காரி இருக்க ஊரு, இங்கிலாந்துல கெழக்க. மூணாவது லண்டன், சொந்தக்காரன் கேட்டா சொல்லதுக்கு. மேகப் படம் இருந்தா மழ, மஞ்ச வட்டம் இருந்தா வெயிலு. நான் மூணாங்கிளாஸ். படம் பாக்க அது போதும்.

அந்த மேகப் படத்தப் பாத்தாலே இப்ப எனக்குக் கலி வருகு. நேத்தைக்குப் போன சுவத்துல எறியப் போனேன். பொறவு புதுப் போனுக்கு எங்க போவன்னு தலையணையில எறிஞ்சேன். கோவத்துலயும் ஒரு கணக்கு உண்டு நமக்கு.

விசயம் இதாக்கும். மவ அங்க ஒரு முதியோர் இல்லத்துல நர்சு. கெழக்க, அந்தக் கூட்டுக்காரி இருக்க ஊர்ல, ஒரு வேல காலியாக் கெடக்கு. வாறியான்னு இவளக் கேட்டிருக்காங்க. இன்னைக்குள்ள பதிலு சொல்லணும். அப்பாட்ட கேக்காம சொல்ல மாட்டேன்னு அவ நிக்கா. போன எடுக்க மாட்டேன்னு ஞாயித்துக்கெழமையில இருந்து நான் நிக்கேன். நடுவுல எனக்க பெண்டாட்டி. ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கிட்டு, கொழம்புல உப்பு போடாம என்னப் பழி வாங்குகா.

நான் மீன்காரன். இனயத்துல ஏலத்துல எடுத்து, பைக்குக்குப் பின்னால பெட்டி கெட்டி, ஒரு நாளு மல ஏறி கீரிப்பாறை எஸ்டேட்டுக்குப் போவேன், மறுநாளு கெழக்க தோவாளைக்கு. நம்ம ஜில்லா ஒரு கைக்குட்ட அளவுதான். ஆனா வானம் ஒண்ணில்ல பாத்துக்கிடுங்க. வைகாசிப் பாதியில வருத இடவப்பாதி மழ தொடங்குனா இனயத்துல கடலு வீட்டுக்க உள்ள வந்து எட்டிப் பாக்கும். அதே நாளு கீரிப்பாறையில மழ நிக்கவே நிக்காது. லைன் வீட்டுக்காரியள் துணி காயாம, ரப்பர் சீட்டுக்குப் புகை போடுத கூட்டுக்குப் பக்கத்துல கொண்டு தொங்க விடுவாங்க. குருசடியில ஜெபத்துக்கு வந்தாலும் கலியாணத்துக்கு வந்தாலும் எஸ்டேட்டுக்காரன் சட்ட புகைதான் மணக்கும். எனக்க சட்ட மீன் மணக்கும்கதால நான் அதப் பத்தி ஒண்ணும் சொல்லதில்ல.

அதே நாளு தோவாள தாண்டிப் பாருங்க. ஒரு சொட்டு கெடயாது. காத்துதான். ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வருத காத்து மீனையும் தூக்கும், மீன்காரனையும் தூக்கும். ஒருக்க எனக்க இடுப்பு முண்ட அப்பிடியே உருவிட்டுப் போச்சு. அது எங்கயாவது கரண்டு எடுக்குத காத்தாடி எறக்கையில போய்க் குடுங்கிருமோன்னு பயந்து நான் ரோட்டுல ஓடுகேன், எதுக்க பஸ்ஸு வருகு. பஸ்ஸுல இருந்த ஒருத்தியும் கண்ண மூடல.

அதனால மேக்க உள்ள எங்களுக்குக் கெழக்குன்னா ஒரு எளக்காரம். பெண்ணு குடுக்கதுன்னா ரொம்ப யோசிப்போம். மாப்ள வீடு பாக்கப் போனா, பெரியவங்க எல்லாம் கசேரியில இருந்து பேசுவாங்க. எங்க வகையில ஒருத்தன் மட்டும் பைய எழும்பி, வாயக் கொப்பளிக்கப் போற மாதிரி கெணத்தடிக்குப் போய் எட்டிப் பாத்துட்டு வருவான். குடிக்குத வெள்ளம் எம்பிடு தாழ கெடக்கு, கயிறு எம்பிடு நீளம்னு. வெள்ளம் மேல கெடந்தா சாயா குடிப்போம். கெணறு அடி காணலன்னா சாயா ஆறிப் போவும், நாங்க எழும்பிருவோம். எங்க குடும்பத்துல அந்தக் கெணறு பாக்குத ஆளு நானாக்கும். வேற எந்த வேலைக்கும் என்னக் கூப்பிட மாட்டாங்க.

மவளுக்கு வெளிநாட்டு வேலைக்கு ரெண்டு எடம் ஒண்ணா வந்திச்சு. அவ போன்ல மேப்பு தொறந்து காட்டுனா. மேக்க உள்ள எடம் மலையும் கடலும் பச்சையுமா கெடந்திச்சு. பாத்ததும் எனக்கு இனயத்தையும் கீரிப்பாறையையும் சேத்து ஒட்டுன மாதிரி தோணிச்சு. கெழக்க உள்ளது சட்டி கவுத்துன மாதிரி வெறும் நெலம், மலையே இல்ல. அவளுக்கு அங்க போவதுக்குத்தான் ஆச. கூடப் படிச்ச தோவாளக்காரி அங்கதான் போறா, துணைக்கு ஆளுண்டுன்னு சொன்னா. நான் ஒண்ணுதான் கேட்டேன். அங்க மழ உண்டான்னு. கொறவுதான், அந்த நாட்டுலயே கொறஞ்ச மழ பெய்யுத பக்கம்னு அவ சொன்னா.

"அப்ப வேண்டாம் மக்கா," நான் சொன்னேன். "வெள்ளம் இல்லாத ஊருக்கு நான் மவள விட மாட்டேன்."

"அப்பா, அங்க கெணறு இல்ல. குழாயத் தொறந்தா வெள்ளம் வரும்," அவ சிரிச்சிட்டே சொன்னா.

நானும் சிரிச்சேன். ஆனா விடல.

எனக்க மச்சினன் அப்ப வீட்டுல இருந்தான். அவன் லண்டன்ல ஒரு ஓட்டல்ல ரெண்டு வருசம் வெங்காயம் உரிச்சவன். அவன்ட்ட கேட்டா எல்லாம் தெரியும்னு பெண்டாட்டி சொன்னா. அவன் காலுக்கு மேல காலு போட்டு, "அத்தான், மழ மழன்னு சும்மா சொல்லுகாங்க. நான் அங்க குடையே வாங்குனதில்ல. மேலச்சட்ட ஒண்ணு போதும்"ன்னு சொன்னான். அவனுக்க அடுக்கள தரைக்குத் தாழ உள்ளது. காலையில எறங்குவான், ராத்திரி ஏறுவான், மேலயே மாடியில படுப்பான். அவன் லண்டன் மழைய, சாப்பிட வந்தவனுக்க குடையிலதான் பாத்திருக்கான். அதுவும் போட்டும்னு வைங்க. லண்டன் எங்க, இவ போன ஊரு எங்க? ஒரு பகலு ரயில்ல இருக்கணுமாம். நம்ம ஊர்ல அந்த நாடு முழுக்க லண்டன்தான். "மவ எங்க?" "லண்டன்ல." முடிஞ்சு. மெட்ராஸ்ல மழைன்னு சொன்னா ஆரல்வாய்மொழிக்காரன் குட எடுப்பானா? மாட்டான்லா. அம்பிடு விவரம் உள்ளவங்க, கடலத் தாண்டுனதும் எல்லாத்துக்கும் ஒரே வானத்தப் போத்தி விடுகோம்.

மவ வைகாசியில போனா. போன புதுசுல எனக்க அகங்காரத்துக்கு ஒரு அளவில்ல. அந்த மேக்குக் கரையில வைகாசிதான் நல்ல மாசமாம், அது எனக்கெங்க தெரியும்? ராத்திரி சாப்பாடு முடிஞ்ச பொறவும் வெயிலு நிக்குகு. கடலு நீலமா கெடக்கு, மலயில மஞ்சளாப் பூவு. படம் படமா அனுப்புனா. அதே மாசம் கெழக்க, அந்தத் தோவாளக்காரி இருக்க பக்கம், கடல்ல இருந்து குளுந்த காத்தும் மூடலும் வந்து பகலையே மறைச்சிட்டாம். நான் தோவாளைக்கு மீனு கொண்டு போவும்போ அந்தப் பிள்ளைக்க தகப்பனுக்க வாசல்ல வேணும்னே ரெண்டு நேரம் ஆரன் அடிப்பேன். அவரு பூக்காரரு. பிச்சியும் அரளியும் போட்டிருக்காரு. சாளைக்குப் பேரம் பேச வருவாரு, நான் படத்தக் காட்டுவேன்.

"பாத்தியளா அண்ணாச்சி? மேக்குன்னா மேக்குதான். காத்தடிக்க ஊர்ல பிறந்தவிய, அங்க போயும் காத்தத்தான் தேடிப் பிடிச்சிருக்கிய."

அவரு சட்டிய நீட்டி, "சாள கொஞ்சம் கூடப் போடும் வே"ன்னு மட்டும் சொன்னாரு.

ஆவணியில அங்க மேக்க மழ தொடங்குச்சு. நல்லதுதான்னு நெனச்சேன். நமக்கு மழ தெரியாதா? இடவப்பாதி எம்பிடு ஆட்டம் ஆடுனாலும் ஒரு நாளு போவும். நடுவுல ஒரு நாளு வெயிலக் காட்டும், பெண்ணுங்க பாயையும் தலையணையையும் வாரிட்டு முத்தத்துக்கு ஓடுவாங்க. அந்தச் சவத்து ஊர்ல மழைக்குப் போவணும்ங்குத எண்ணமே இல்ல. ஐப்பசியில பெய்யுது, கார்த்திகையில பெய்யுது. மார்கழியில மழையோட இருட்டும் சேந்து வருகு. இவ வேலைக்குப் போவும்போ இருட்டு, வரும்போ இருட்டு. நடுவுல உள்ள கொஞ்சம் வெளிச்சம் சன்னலுக்கு வெளிய, சாம்பல் கரைச்சு ஊத்துன மாதிரி. மேகம் மேக்குக் கடல்ல இருந்து நெறகொடமா வருகு, மலையில இடிச்சு எல்லாத்தையும் அங்கயே கொட்டுகு, கெழக்க போவும்போ வெறுங்கொடம். நம்ம மலையிலயும் அதே கததான். அதத் தெரிஞ்சவன், நெறகொடம் கொட்டுத எடத்துல மவளக் கொண்டு நிறுத்துனேன், பெருமையா.

இதொண்ணும் அப்ப எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் எனக்குக் கலி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், போன்ல மேகப் படம் மாறவே இல்லங்கது. போனு கெட்டுப் போச்சுன்னு நெனச்சு திங்கள்நகர்ல ஒரு கடையில கொண்டு காட்டுனேன். கடைக்காரன் தட்டிப் பாத்துட்டு, போனுக்கு ஒண்ணும் இல்ல, ஊருக்குத்தான் கேடுன்னு சொன்னான். நான் அவனையும் ஏசிட்டு வந்தேன்.

மவ விளிப்பா. முன்ன மொகம் காட்டிப் பேசுவா, பொறவு வெறும் சத்தம் மட்டும். நெட்டு கிட்டலன்னு சொல்லுவா. "எப்பிடி இருக்க மக்கா?" "சொகமா இருக்கேன்பா." "மழையா?" "லேசா." அந்த லேசாவ நான் நம்புனேன். ஊர்ல எவனாவது மவளப் பத்திக் கேட்டா, லண்டன்ல சொகமா இருக்கான்னு நானே சொன்னேன்.

பங்குனியில ஒரு நாளு தோவாளைக்குப் போனேன். பூக்காரரு வாசல்ல ஆரன் அடிக்கதுக்கு முன்னயே அவரு வெளிய வந்து நின்னாரு. சட்டி இல்ல கையில. போன எடுத்து எனக்க பக்கமா நீட்டுனாரு. முதல் படத்துல அவரு மவ இருக்க வீட்டுக்கப் பொறத்த ஒரு கயிறு, அதுல வெள்ள விரிப்பு ரெண்டு, நல்ல வெயிலு. எனக்குப் புரிஞ்சு. வைகாசியில நான் காட்டுனதுக்குப் பதிலுக்குப் பதிலு. சரி, ஒரு நாளு வெயிலுக்கு இம்பிடு பெருமையான்னு சொல்ல வாய எடுத்தேன். அவரு அடுத்த படத்தத் தள்ளுனாரு.

அதே முத்தம். ஒரு கசேரி. கசேரியில எனக்க மவ.

தடிச்ச கோட்டு போட்டபடியே, தல ஒரு பக்கமாச் சாஞ்சு, வாய் லேசாத் தொறந்து, உறங்குகா. மொகத்துல வெயிலு விழுகு. கன்னம் ஒட்டி, கண்ணுக்குத் தாழ கருப்பு கெட்டி. எனக்க மவள எனக்கே ஒரு நிமிசம் அடையாளம் தெரியல.

லீவுக்குக் கூட்டுக்காரிட்ட போயிருக்கா. போன அன்னையில இருந்து அந்தக் கசேரிய விட்டு எழும்பலையாம். அவ இருக்க எடத்துல துணி காயலன்னு, பெட்டி நெறைய ஈரத்துணியக் கட்டிச் சொமந்துட்டுப் போயிருக்கா. கயித்துல கெடந்த விரிப்பு அவளுக்கதாம். வெயிலு நகந்தா கசேரிய நகத்துவாளாம். சாப்பிட உள்ள விளிச்சா, இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லுவாளாம்.

பூக்காரரு மெதுவாத்தான் சொன்னாரு. "ஒம்ம மவள வெயில்ல காயப் போட்டிருக்கு வே. வெசனப்படாதியும்."

அவரு வேற என்ன சொல்லியிருந்தாலும் நான் தாங்கிருப்பேன். கிண்டல் பண்ணியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். அந்தாளு பாவம்னு பாத்தாரு பாருங்க, அதுலதான் எனக்குக் கலி தலைக்கேறிப் போச்சு. நான் மீன்காரன். காயப் போடுததுன்னா எனக்கு நெத்திலிதான் தெரியும். எனக்க மவ, எனக்க மேக்கு, எனக்க பச்ச, எல்லாம் அடுத்தவனுக்க முத்தத்துல, அடுத்தவனுக்க வெயில்ல கருவாடு மாதிரி கெடக்கு. மீதி மீன விக்காம பைக்கத் திருப்புனேன். வழியில ஒரு மாடு குறுக்க வந்திச்சு. அத நான் ஏசுன ஏச்சு, அதுக்க ஏழு தலமொறைக்கும் போதும்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டிட்ட கேட்டேன். அவ அருவாமணைய விட்டு எழும்பல. அவளுக்கு எல்லாம் தெரியும். மார்கழியிலயே தெரியும். பிள்ள அம்மைட்ட மட்டும் அழுதிருக்கா. சுவத்துல பூசணப் பூப்பு புடிச்சது, செருப்புல பூப்பு புடிச்சது, வேலைக்குப் போவ கட்டில்ல இருந்து காலத் தூக்கி வைக்க முடியாமக் கெடந்தது, எல்லாம்.

"ஏட்டி, என்ட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன செய்விய? அந்த வானத்துக்கூடச் சண்டைக்குப் போவிய," அவ சொன்னா. "அப்பா பாத்துச் சொன்ன எடம், அப்பாக்குத் தெரியக் கூடாதுன்னு பிள்ளதான் என் மேல ஆணையிட்டா."

அதாக்கும் என்ன அறுக்கது. மழ இல்ல. மழ என்ன செய்யும், அதுக்க சோலிய அது பாக்கு. ஆவணியில இருந்து பங்குனி வர, எனக்க அகங்காரம் நனையக் கூடாதுன்னு அவ நனஞ்சிருக்கா. அவளுக்கு ஆரு சொன்னா, எனக்க அகங்காரத்துக்குக் குட பிடிக்க? நானா கேட்டேன்? அப்பா, நீ பாத்த கெணறு நாறுகுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் செத்தா போயிருப்பேன்? மாட்டேன். ரெண்டு நாளு சோறு உண்ணாம இருந்திருப்பேன், அம்பிடுதான். அதுவும் மத்தியானம் மட்டும்.

மச்சினன் வந்தான். அத்தான், எல்லா நாட்டுலயும் மழ உண்டுல்லான்னு தொடங்குனான். அவன முத்தத்துல நிறுத்தி, குழாயத் தொறந்து விட்டு, கீழ நில்லுலேன்னு சொன்னேன். மேலச்சட்ட ஒண்ணு போதும்னு சொன்னவன்லா. அவன் ஓடிட்டான். நான்தான் நனஞ்சேன்.

ஞாயித்துக்கெழம மவ விளிச்சா. எனக்குத் தெரிஞ்சு போன விசயம் பூக்காரரு வீடு வழியா அங்க போயிருக்கு. நான் எடுக்கல. எடுத்தா ஏசுவேன். ஏசுனா அவ அழுவா. இல்லன்னா நான் அழுவேன், அது அதவிட அசிங்கம். பெண்டாட்டி எடுத்துப் பேசிட்டு வந்து சொன்னா. கெழக்க வேல கெடக்கு, அப்பா சரின்னு சொன்னாத்தான் போவேன்னு பிள்ள சொல்லுகா. பாருங்க, இப்பவும் அப்பா சொல்லணும்! ஒரு தடவ கெணறு தப்பாப் பாத்தவன்ட்டயே திரும்பவும் கயிறக் குடுக்கா. இதுக்குப் பேரு மரியாதையா, பழிவாங்கலா, எனக்குத் தெரியல. போனு அடிக்கும்போதெல்லாம் நான் முருங்கையில புழு பாக்கப் போயிருவேன். அந்த முருங்கையில இப்ப ஒரு புழு கூட இல்ல.

இன்னைக்குக் காலம்பற தோவாளைக்குப் போற முறை. போவாண்டாம்னுதான் இருந்தேன். ஆனா பெட்டியில அயில கெடக்கு, அயிலைக்கு எனக்க வெசனம் தெரியாது. இனயத்துல நல்ல வெயிலு. நாகர்கோவில் தாண்டல, கோட மழ சடார்னு பிடிச்சு. பெட்டிய மூடவா, என்ன மூடவான்னு யோசிக்கதுக்குள்ள தொப்பலா நனஞ்சேன். அப்பிடியே போனேன். தோவாள எட்டும்போ மழயக் காணல, ரோடு காஞ்சு கெடக்கு, காத்து மட்டும் வருகு. ஆடி மாசக் காத்து இல்ல, சும்மா லேசா. பூக்காரரு வாசல்ல பைக்க நிறுத்திட்டு நின்னேன். ஆரன் அடிக்கல. நின்னுட்டே இருந்தேன். சட்ட முதுகுல ஒட்டுனது பைய விட்டுச்சு. கையி காஞ்சு. காலரு காஞ்சு. நான் எளக்காரமாப் பேசுத அதே காத்துதான், ஒரு அம்மை பிள்ளைக்குத் தல தொவட்டுத மாதிரி என்னத் தொவட்டிட்டு நிக்கு. எனக்கு அதுலயும் எரிச்சல்தான் வந்திச்சு. ஒன்ன ஆரு கேட்டா?

பூக்காரரு சட்டியோட வந்தாரு. மீனப் பாக்கல, என்னப் பாத்தாரு.

"மவள்ட்ட பேசுனீரா வே?"

இல்லன்னு சொன்னேன்.

"எனக்க மவ ஒரு கட்டில ஒழிச்சு வச்சிருக்கா," அவரு சொன்னாரு. "நீரு சொல்லணும்னுதான் நிக்காளுவ ரெண்டும்."

நான் அவருக்குச் சாளையா அயிலையான்னு கேக்காமலே, பெட்டியில உள்ள நல்ல அயிலையாப் பாத்து வாரி அவரு சட்டியில போட்டேன். போட்டுட்டு, நல்லா நெஞ்ச நிமித்தி, அண்ணாச்சி, கெழக்கப் பத்தி நான் இதுவர சொன்னதெல்லாம்னு தொடங்கி ஒரு வார்த்த சொன்னேன் பாருங்க, அந்த மனுசன் சட்டியக் கீழ வச்சிட்டாரு. என்ன சொன்னேன்னா...

இருங்க. உள்ள இருந்து விளிக்கா.

"இஞ்சேருங்க! பிள்ள லைன்ல நிக்கா. அங்க ஆபீசு தொறந்தாச்சாம், இப்ப சொல்லணுமாம். முருங்கைக்குப் போனா காலத் தறிச்சிருவேன்."

கேட்டியளா எனக்க மரியாதைய? போறேன். மொதல்ல ஒரு மொடக்கு வெள்ளம் குடிக்கணும். கெழக்க போ மக்கான்னு சொல்லதுக்கு எனக்க தொண்டைக்குப் பழக்கம் இல்ல.

"வாறேன்ட்டி. கட் பண்ணிராத."